இரண்டாம் தரம் கேட்காத ஊர்

நிலானி டென்மார்க்குக்கு வந்த மூன்றாம் நாளே ஒரு நேரச் சாப்பாட்டைக் கோட்டை விட்டாள்.

ஹேர்னிங் நகரத்தின் ஓரத்தில், பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வீடு. மேலே வீட்டுக்காரி கிர்ஸ்டன், எழுபது வயது, தனியாள். கீழே, பாதி நிலத்துக்குள் இறங்கியிருக்கும் ஓர் அறையும் சின்னக் குசினியும் நிலானிக்கு. கம்பனி பார்த்துக் கொடுத்த இடம். அந்த வெள்ளிக்கிழமை கிர்ஸ்டன் படியிறங்கி வந்து, "ஞாயிறு மத்தியானம் என் மகன் வருகிறான். நீயும் எங்களோடு சாப்பிடுகிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நிலானிக்கு ஆசையென்றால் அப்படி ஓர் ஆசை. மூன்று நாளாகப் பாணும் வாழைப்பழமும். ஆனால் வளர்த்த வளர்ப்பு விடுமா? "ஐயோ வேண்டாம், உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லலாமோ அப்படிச் சொன்னாள். அவள் பிறந்த திருகோணமலையில் இது மறுப்பே இல்லை, கதையின் தொடக்கம். முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்பது, இரண்டாம் தரம் கேட்டால் நெளிவது, மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால், 'இவ்வளவு சொல்லுறியள், சரி' என்று போய் இருப்பது. முதல் தரமே ஓம் என்பவளுக்கு அங்கே காணாததைக் கண்டவள் என்று பெயர். கிர்ஸ்டனுக்கு இந்தச் சங்கதியெல்லாம் எங்கே தெரியும்? "ஓகே" என்று நல்லபடியாகச் சிரித்துவிட்டு மேலே ஏறிப்போய்விட்டாள்.

அப்போதும் நிலானி நம்பிக்கையை விடவில்லை. ஞாயிறு காலை தலை முழுகிப் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. மேலே கதிரைகள் இழுபட்டன, முள்ளுக்கரண்டிகள் தட்டில் முட்டின. யாரோ நன்றாகச் சிரித்தார்கள். ஒன்றரை மணிக்கு அவள் எழுந்து, சுடிதாரை மாற்றாமலே பருப்பை அவியப் போட்டாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கொழும்புப் பக்கத்தில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். ஒரு சட்டையைத் தைப்பதற்கு முன் அதன் துண்டுகளைக் கணக்காக வெட்டிப் பார்க்கிற 'பற்றன்' வேலை. கையெல்லாம் அளவு. அந்தத் தொழிற்சாலையில் பிள்ளைகளின் உடுப்புத் தைப்பித்து எடுக்கிற ஹேர்னிங் கம்பனிதான் அவளை இங்கே கூப்பிட்டது. முதல் மாதம் நவம்பர். இரண்டு பக்கமும் பிடித்துப்போனால் மூன்று வருடம்.

ஊரில் புருசன் கோணேசன் தண்ணீர் மோட்டார் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். ஏழு வயது மகள் சாரங்கி அவனோடுதான். கொழும்புப் பக்கம் வேலை செய்தபோது நிலானி இரண்டு கிழமைக்கு ஒரு தரம் இரவு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள், திங்கட்கிழமை விடியத் தொழிற்சாலை வாசலில் நிற்பாள். பதினொரு வருடக் குடித்தனத்தில் மூவரும் சேர்ந்தாற்போல ஒரு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தது, அவளுடைய பிரசவ லீவில் மட்டும்தான். இதை அவள் யாரிடமும் முறையிட்டதில்லை. ஆனால் வந்த இரண்டாம் நாள் மேலாளர் மெட்டே, "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்று நவம்பர் கடைசி வெள்ளி வரைக்கும் எங்கள் கையில் இருக்கிறது. குடும்பம் வருகிறதென்றால் அது உனக்கு. அதற்குள் சொல்" என்றபோது, அவளுக்கு நெஞ்சு அடித்த அடி மெட்டேக்கும் கேட்டிருக்கும்.

கோணேசனிடம் உடனே கேட்டிருக்கலாம்தான். கேட்கவில்லை. விமான நிலையத்தில் அவன், "முதல் ஒரு மாசம் போய்ப் பாரும். பிறகு யோசிப்பம்" என்று சொல்லியிருந்தான். பெண்சாதியின் விசாவில் பின்னால் ஏறி வருவதென்றால் எந்த ஆம்பிளைக்கும் கொஞ்சம் இடிக்கும். அவன் மனம் பழுக்கட்டும் என்று விட்டுவைத்தாள்.

வேலை அவளுக்குப் பழகிய வேலை. நீளமான மேசை, வெள்ளைக் கடதாசி, அளவு நாடா. புதிதாக இருந்தது வரிசையாக நிற்கும் பிள்ளைப் பொம்மைகள்தான். தலையில்லாத துணி உடம்புகள். இந்த ஊரில் பிள்ளைகளின் உடுப்புக்கு வயதைச் சொல்வதில்லை, உயரத்தைச் சொல்கிறார்கள். நூற்றிப் பதினாறு, நூற்றி இருபத்திரண்டு, நூற்றி இருபத்தெட்டு. சென்ரிமீற்றர்க் கணக்கு. நிலானிக்கு விழுந்தது நூற்றி இருபத்திரண்டின் மழைக்கோட்டு. சாரங்கியின் பள்ளிக்கூட மருத்துவ அட்டையில் எழுதியிருப்பதும் நூற்றி இருபத்திரண்டுதான். முதல் நாள் அந்தப் பொம்மைக்குக் கோட்டை மாட்டிச் சிப்பை மேலே இழுத்தவள், கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கை நீளம் ஒரு சென்ரிமீற்றர் கூட என்று தாளில் எழுதினாள்.

சக வேலைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால்கூட வைதுவிட்டு ஆறுதலாக இருந்திருக்கலாம். பதினொன்றரைக்கு எல்லோரும் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு. கறுத்தப் பாணில் மீன் துண்டு வைத்துத் தட்டை நீட்டினார்கள். அவள் வேண்டாம் என்றாள். தட்டு அடுத்தவருக்குப் போனது. யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் வந்தது, வேண்டாம் என்றாள், கேக் முடிந்தது. மூன்றரைக்கு வேலை விட்டு வெளியே வந்தால் இருட்டுகிற நேரம், மழை. பக்கத்து மேசைக்காரன் காரை நிறுத்தி, "ஏற்றிக்கொண்டு போகட்டுமா?" என்று கேட்டான். "இல்லை, நான் நடப்பேன்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கார் போய்விட்டது. அன்று அரை மணித்தியாலம் நனைந்து நடந்தாள். மழைக்கோட்டு வெட்டுகிறவளுக்குப் போட ஒரு மழைக்கோட்டு இல்லை.

இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஒப்புக்குக் கேட்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்க ஆளில்லாமல் போனது. வீட்டுக்குப் போன் எடுத்தால் சாரங்கி, "அம்மா, அங்கை இப்பவும் இருட்டே?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிடுவாள். கோணேசன், "எல்லாம் சரிதானே?" என்பான். "ஓம், எல்லாரும் நல்லாப் பாக்கினம்" என்பாள் இவள். திங்கட்கிழமை காலை வேலையிடத்தில் வணக்கம் சொல்லும்போது தொண்டை கரகரத்தது.

இரண்டாம் கிழமை தமிழ்க்கடையில் முருங்கைக்காயைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "தங்கச்சி, புதிசே? எவடம்?" என்று ஒரு குரல் கேட்டது. நிலானிக்குக் கண் கலங்கிவிட்டது. தவமலர் அக்கா, அறுபது வயது, யாழ்ப்பாணம். முப்பத்தேழு வருடத்துக்கு முன் அகதியாக வந்து, தையல் பக்ரறி மூடுமட்டும் அங்கே வேலை செய்து, இப்போது முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. "சனிக்கிழமை வீட்டை வாருமன்" என்றார். தமிழ் ஆள் கேட்டதாலோ என்னவோ, அன்றைக்கு நிலானி முதல் தரமே ஓம் என்றுவிட்டாள். அதற்காக வீடு வரும்வரைக்கும் வெட்கப்பட்டாள்.

சனிக்கிழமை போனாள். பெரிய வீடு, வாசலில் இரண்டு கார். மகள் மேனுஜா தாய் தமிழில் கேட்பதற்கெல்லாம் டெனிஷில் பதில் சொல்லிக்கொண்டு வெளியே போனாள். தவமலரின் கணவர் சிவானந்தன் ஊர்ப் புதினம் கேட்டார்.

"தேத்தண்ணி குடிக்கிறீரே?" என்று தவமலர் கேட்டார்.

"வேண்டாம் அக்கா, இப்பத்தான் குடிச்சனான்." குடித்தது காலை ஆறு மணிக்கு.

"ஓ, சரி" என்று தவமலர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

நிலானி விக்கித்துப்போனாள். டெனிஷ்காரி விட்டாள், சரி. ஒரு யாழ்ப்பாணத்து மனுசி, வீட்டுக்கு வந்த ஆளுக்கு இரண்டாம் தரம் கேட்காமல் இருப்பதா? ஒரு மணித்தியாலம் கதை நடந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. அவள் குசினிப் பக்கம் இரண்டு தரம் பார்த்ததைச் சிவானந்தன் கண்டுகொண்டார்.

"பிள்ளைக்குத் தேத்தண்ணி வேணும்போல கிடக்கு," என்றார் மனைவியிடம். "நீ ஒருக்காத்தானே கேட்டனீ."

தவமலர் தலையில் அடித்துக்கொண்டு எழும்பினார். "ஐயோ, மறந்தே போனன்! குறை நினையாதையும். இஞ்சை எங்களுக்கு எல்லாம் மாறிப்போச்சு." தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்து கதையைச் சொன்னார். "நான் வேலைக்குச் சேந்த புதிசிலை ஒரு கிழவி குளிக்கமாட்டன் எண்டுது. நான் எங்கடை ஊர்ப் பழக்கத்திலை, வாங்கோ, கொஞ்சம் குளியுங்கோ எண்டு மூண்டுதரம் கேட்டுப்போட்டன். மனுசி அழுதிட்டுது. பொறுப்பான ஆள் என்னைக் கூப்பிட்டு, ஒருக்கா வேண்டாமெண்டால் வேண்டாம்தான், திருப்பிக் கேட்டால் அவையின்ரை சொல்லுக்கு மரியாதை இல்லையெண்டு அர்த்தம் எண்டு சொன்னா. அண்டையிலையிருந்து நானும் விட்டிட்டன். வேலையிலை விட்டது வீட்டிலையும் விட்டுப்போச்சு."

"உம்மட்டை கேட்டால் ஓம் எண்டு சொல்லும்," என்றார் சிவானந்தன். "யா, தக். அவ்வளவுதான். ரெண்டு சொல்லு. இதைப் படிக்க எனக்கு நாலு வருசம் எடுத்தது. அந்த நாலு வருசமும் நான் பட்டினி."

எல்லோரும் சிரித்தார்கள். நிலானியும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது பச்சைச் சுடிதார் ஞாபகம் வந்து முகம் சூடேறியது. கிர்ஸ்டன் ஒப்புக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டது கேட்டதுதான். வேண்டாம் என்றது தான்தான்.

அடுத்த இரண்டு கிழமையும் அவள் ஒரு புது மனுசி. கேக் வந்தால் யா, தக். மீன் வந்தால் யா, தக். காரில் ஏற்றட்டுமா என்று பக்கத்து மேசைக்காரன் கண்ணாடியை இறக்குவதற்கு முன்னமே யா, தக். யாராவது அவளிடம் வேண்டாம் என்றால், நீட்டிய பொருளை அந்த நொடியே கீழே வைத்துவிடுவாள். இதில் அவளுக்கு ஒரு பெருமைகூட. ஆட்கள் சிரித்துக் கதைத்தார்கள். ஆனால் மூன்றரைக்குப் பிறகு ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள், அந்த வீடுகளுக்குள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கிர்ஸ்டனும் பிறகு கேட்கவில்லை. ஒரு தரம் வேண்டாம் என்ற ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவள் நினைத்திருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் கார் வந்தது, கரண்டிச் சத்தம் கேட்டது. கீழே இருந்து நிலானி அந்த இரண்டு அறை வீட்டை நினைப்பாள். ஓர் அறையில் சாரங்கி. குசினியில் கோணேசன், அவன் வைக்கும் அந்தக் கூடுதல் புளிக் குழம்பு. அதைக்கூட நாக்குக் கேட்டது.

கடைசி வெள்ளிக்கு முதல்நாள் வந்தது. இனிப் பழுக்க நேரமில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, ஊரில் இரவு எட்டரைக்கு, போன் எடுத்தாள்.

"இஞ்சை ஒரு வீடு இருக்கு. ரெண்டு அறை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். நாளைக்குச் சொல்லவேணும். நீங்களும் பிள்ளையும் வாறியளே?"

கோணேசன் செருமினான். "நாங்கள் அங்கை வந்து... உமக்கு ஏன் கரைச்சல். வேண்டாம் நிலானி. நீர் உம்மடை வேலையைப் பாரும்."

நிலானி மூச்சை உள்ளே இழுத்தாள். "சரி" என்றாள்.

"சரியே?" என்றான் அவன்.

"ஓம், சரி. பிள்ளை சாப்பிட்டிட்டாளே?"

போனை வைத்தபின் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கேட்டேன், இல்லையென்றார், முடிந்தது. அழுகை வந்தது, அழுதாள். மறுநாள் காலை மெட்டேயிடம் போய், "அவர்கள் வரவில்லை" என்றாள். மெட்டே அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "ஓகே. நேரத்துக்குச் சொன்னதற்கு நன்றி." மத்தியானமே மின்னஞ்சல் வந்துவிட்டது. வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, கையில் அடுத்த வீடு வருவது ஏப்ரலில்தான் என்று. இந்த ஊரின் சுறுசுறுப்பைச் சொல்லி மாளாது.

அன்று பின்னேரம் அவள் அடுப்பில் தேத்தண்ணி வைத்த நேரம் கதவு தட்டுப்பட்டது. கிர்ஸ்டன். தவறி மேலே வந்த கடிதம் ஒன்றைக் கொடுத்தாள். இஞ்சி வாசம் வெளியே போனது.

"தேத்தண்ணி குடிக்கிறீர்களா?" என்று நிலானி கேட்டாள்.

"நை, தக்" என்று கிர்ஸ்டன் வேண்டாமென்றாள்.

"ஓகே" என்று நிலானி சிரித்தாள். கிர்ஸ்டனும் சிரித்துவிட்டுப் படியேறினாள். நிலானி கதவைச் சாத்தினாள். சாத்திய கை கைபிடியிலேயே நின்றுவிட்டது.

வாசலுக்கு வந்த ஒரு மனுசியை, அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க, ஒரே ஒரு தரம் கேட்டு அனுப்பிவிட்டாள். கிர்ஸ்டன் உண்மையாகவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், அது வேறு. ஆனால் கேட்டது நிலானியல்லவா? திருகோணமலையில் மின்சார பில் கொண்டுவருகிற பொடியனைக்கூட அவள் அப்படி அனுப்பியதில்லை.

நேற்றும் இதையேதான் செய்தாள். உமக்கு ஏன் கரைச்சல் என்றான் கோணேசன். அது அவளுடைய சொந்த வசனம். முதல் வெள்ளிக்கிழமை இதே கதவடியில் நின்று கிர்ஸ்டனுக்கு அவள் சொன்ன வசனம். சொல்லிவிட்டுச் சுடிதாரையும் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவன், 'சரியே?' என்று வேறு கேட்டான். அதுகூடக் காதில் ஏறவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"நேற்று நான் உங்களை ஒருக்காத்தானே கேட்டனான்," என்றாள்.

"ஓம். ஒருக்காத்தான் கேட்டனீர். நீர் வைச்சாப்பிறகும் நான் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். திருப்பி எடுப்பீர் எண்டு. பிறகு நினைச்சன், அங்கை போய் ஒரு மாசத்திலை எங்களை வேண்டாமெண்டு போச்சாக்கும் எண்டு."

"வீடு கையைவிட்டுப் போச்சு. பிழை என்ரைதான். சித்திரை வரைக்கும் வேறை இல்லை. எண்டாலும் கேக்கிறன். வாறியளே?"

"எனக்கு அங்கை என்ன வேலை நிலானி? பாஷையும் தெரியாது. உம்மடை பின்னாலை பையைத் தூக்கிக்கொண்டு..."

"வாங்கோ," என்றாள் மூன்றாம் தரம். "எல்லாரும் நல்லாப் பாக்கினம் எண்டு நான் சொன்னது பொய். எனக்கு இஞ்சை ஒருத்தருமில்லை. சனி ஞாயிறு கதைக்க ஆளில்லை. நீங்கள் ஒரு வேலையும் செய்யவேண்டாம். வந்து வீட்டிலை இருங்கோ. அது போதும்."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. செருமிக்கொண்டு, கடையில் சாமான் விலை கேட்கிறவனின் குரலில், "அந்தக் குளிருக்குப் பிள்ளைக்கு என்ன மாதிரி உடுப்பு வேணும்?" என்றான்.

"அது நான் பாக்கிறன். நூற்றி இருபத்திரண்டு. எனக்குத் தெரியும்."

"எப்ப அளந்தனீர்?"

"பள்ளிக்கூட அட்டையிலை இருக்கு. தை மாசம் அளந்தது."

"பொறும்." கோணேசன் மகளைக் கூப்பிட்டான். கதவு நிலையோடு நிற்க வைத்தான், அடிமட்டக் கோலைத் தலையில் வைத்தான், நெளியாதே என்று அதட்டினான். மோட்டார் கட்டுகிறவன், அவனுக்கும் அளவு பிழைக்காது. "நூற்றி இருபத்தாறு."

"பிழையா அளந்திருப்பியள். திருப்பி அளவுங்கோ."

திருப்பி அளந்தான். "நூற்றி இருபத்தாறுதான். சப்பாத்துமில்லை."

ஊரான் பிள்ளைகளையெல்லாம் சென்ரிமீற்றர் பிசகாமல் அளந்தவள், தன் பிள்ளையை அளந்து பத்து மாதம். அப்போதும் அளந்தது பள்ளிக்கூடத்துத் தாதி. நவம்பர் முழுக்க அவள் கோட்டுப் போட்டுச் சிப்பை இழுத்துவிட்டு நின்றது, மகளைவிட நாலு சென்ரிமீற்றர் குள்ளமான ஒரு துணி உடம்பின் முன்னால். நிலானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, லைனிலை நிக்கிறீரே?" என்றான் கோணேசன்.

"நிக்கிறன்." அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி, மார்ச். "சித்திரைக்கு வரேக்கை நூற்றி இருபத்தெட்டு வேணும்," என்றாள்.